சண்டை போட்டே காப்பாற்றியவர்கள்

2009-இல் 'டாக்டர் ஹூ மேகஸின்' தன் வாசகர்களிடம் ஒரு பெரிய வாக்கெடுப்பு நடத்தியது. 'டாக்டர் ஹூ' டிவி தொடர் தொடங்கிய நாளிலிருந்து அதுவரை வந்த 200 கதைகளுக்கும் மதிப்பெண் போடச் சொன்னது. முதலிடம் 'தி கேவ்ஸ் ஆஃப் ஆண்ட்ரோஸானி'க்குக் கிடைத்தது. கடைசி இடம், அதாவது 200-ஆவது இடம், 'தி ட்வின் டைலமா'வுக்கு. இந்த இரண்டு கதைகளும் அடுத்தடுத்து ஒளிபரப்பானவை என்று தெரிந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதலாவது 1984 மார்ச் 16-இல் முடிந்தது. இரண்டாவது மார்ச் 22-இல் தொடங்கியது. தயாரிப்பாளர் அதே ஜான் நேதன்-டர்னர். ஸ்கிரிப்ட் எடிட்டர் அதே எரிக் சேவர்ட். ஆறு நாள் இடைவெளியில் ரசிகர்களின் ஆகச் சிறந்த கதையும் ஆக மோசமான கதையும்!

அந்த ஆறு நாளில் டாக்டரின் முகம் மாறியிருந்தது. பீட்டர் டேவிசன் போய் கொலின் பேக்கர் வந்திருந்தார்.

தொடரைப் பார்த்திராதவர்களுக்கு இரண்டு வரி. டாக்டர் என்பவர் வேற்றுக்கிரகவாசி. டார்டிஸ் என்ற வாகனத்தில் காலத்திலும் வெளியிலும் பயணம் செய்கிறவர். வெளியே பார்த்தால் அது பழைய லண்டன் தெருவோரத்து நீல நிற போலீஸ் பெட்டி. உள்ளே போனால் முடிவில்லாமல் விரியும். சாகும் நிலை வரும்போது டாக்டர் சாகமாட்டார். அவர் உடல் மொத்தமும் மாறி, வேறு முகம், வேறு குரல், வேறு சுபாவத்தோடு எழுந்து நிற்பார். இதற்கு ரீஜெனரேஷன் என்று பெயர். 1963 நவம்பர் 23-இல் பிபிசியில் தொடங்கிய தொடர் இன்னும் பேசப்படுவதற்கு இந்த ஒரு ஏற்பாடுதான் அடித்தளம். நடிகர் மாறினாலும் கதை தொடரும். ஆனால் ஒவ்வொரு மாற்றத்தின்போதும், நேற்றுவரை பார்த்த முகத்தின்மேல் உயிரையே வைத்திருந்த ஒரு கூட்டம் உடைந்துபோகும்.

'ஆண்ட்ரோஸானி'யின் முடிவைப் பாருங்கள். டாக்டருக்கும் அவருடன் வந்த பெரி என்ற பெண்ணுக்கும் ஒரே விஷம் ஏறியிருக்கிறது. மாற்று மருந்து குகையின் ஆழத்தில் இருக்கிறது. டாக்டர் அதைத் தேடி எடுத்து, மயங்கிக் கிடக்கும் பெரியைத் தோளில் சுமந்து டார்டிஸ்வரை கொண்டுவருகிறார். வழியில் மருந்து சிந்திவிடுகிறது. மிச்சம் ஒருவருக்குத்தான் போதும். அவளுக்குக் கொடுத்துவிட்டு அவர் விழுகிறார். பெரி அவருடன் பயணம் கிளம்பியதே முந்தைய கதையில்தான். அதிகம் பழகியிராத ஒரு பெண்ணுக்காக டாக்டர் உயிரைக் கொடுக்கிறார். எத்தனை முறை பார்த்தாலும் என்னைக் கலங்கவைக்கிற காட்சி அது.

அடுத்த வாரம் புது டாக்டர் எழுகிறார். ரீஜெனரேஷன் சரியாக நடக்காததால் புத்தி தடுமாறி, அதே பெரியின் கழுத்தை நெரிக்கிறார். அந்தக் கதையோடு சீசனும் முடிந்துவிட்டது. அடுத்த சீசன் 1985 ஜனவரியில்தான். ஒன்பது மாதம் அந்தக் கழுத்து நெரிப்பையும், அவர் மாட்டியிருந்த கண்ணைப் பறிக்கும் பல வண்ணக் கோட்டையும் மட்டுமே மனதில் வைத்துக்கொண்டு ரசிகர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கோபம் முற்றாமல் என்ன செய்யும்?

நான் இந்தத் தொடரை எவ்வளவு நேசிக்கிறேனோ, அதே அளவுக்கு அதன் ரசிகர்களின் வரலாற்றையும் நேசிக்கிறேன். 'இதோடு டாக்டர் ஹூ கெட்டுப்போச்சு' என்ற புகார் 1966-இலிருந்து வந்துகொண்டேயிருக்கிறது. அந்தப் புகார் சரியா தவறா என்று ஆராய்வதைவிட, புகார் சொன்னவர்கள் அடுத்து என்ன செய்தார்கள் என்று பார்ப்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சிலர் அந்தக் கோபத்திலிருந்து எதையாவது உருவாக்கினார்கள். சிலர் அதை மனிதர்கள்மேல் எறிந்தார்கள். இரண்டின் பலனும் கண்முன்னே இருக்கிறது.

முதல் டாக்டர் வில்லியம் ஹார்ட்னெல் உடல்நிலை சரியில்லாமல் விலகியது 1966-இல். அக்டோபர் 29 அன்று 'தி டென்த் பிளானெட்' கதையின் கடைசி எபிசோடில் அவர் தரையில் விழுந்தார். பேட்ரிக் ட்ரவுட்டன் எழுந்தார். இப்படி ஒன்று நடக்கும் என்று பார்வையாளர்கள் அதற்குமுன் கண்டதில்லை. முன்பு மேதையாக இருந்தவர் இப்போது கோமாளி மாதிரி ஆகிவிட்டார் என்ற மனக்குறை அன்று பிபிசி எடுத்த பார்வையாளர் அறிக்கையிலேயே பதிவாகியிருக்கிறது. இன்று ட்ரவுட்டனை அப்படிச் சொல்லும் ரசிகரைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அவருக்குப் பின் வந்த பல டாக்டர்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் அந்த முதல் ரீஜெனரேஷன் எபிசோடை நாம் முழுசாகப் பார்க்க முடியாது. பிபிசி அதை வைத்துக்கொள்ளவில்லை. வீடியோ டேப் அப்போது விலை அதிகம். அழித்துவிட்டு மறுபடி பதிவு செய்வார்கள். நடிகர் சங்கத்துடனான ஒப்பந்தப்படி மறுஒளிபரப்புக்கும் வரம்பு இருந்தது. வெளிநாட்டு நிலையங்களுக்கு விற்க எடுத்த ஃபிலிம் பிரதிகளும், உரிமைக் காலம் முடிந்ததும் குப்பைக்குப் போயின. கலர் டிவி வந்தபின் கறுப்பு வெள்ளையை யார் வாங்குவார்கள் என்ற எண்ணம் வேறு. இப்படி 1960-களின் எபிசோடுகள் நூற்றுக்கும் மேல் போய்விட்டன. அந்த முகமாற்றக் காட்சி மட்டும் எப்படித் தப்பியது தெரியுமா? 'புளூ பீட்டர்' என்ற குழந்தைகள் நிகழ்ச்சியில் அந்தத் துண்டைப் போட்டார்கள். அதனால் அது மிஞ்சியது.

ரசிகர்கள் பெரும் வேலை செய்தது இந்த இடத்தில்தான். காணாமல்போன எபிசோடுகள் அத்தனைக்கும் ஒலி மட்டும் இன்று முழுமையாக இருக்கிறது. காரணம், அன்றைய சிறுவர்களும் இளைஞர்களும் சனிக்கிழமை மாலைகளில் டிவி ஸ்பீக்கர் முன்னால் மைக்கை வைத்து டேப் ரெக்கார்டரில் பதிவு செய்தார்கள். வீட்டில் யாரும் பேசக்கூடாது, கதவைத் திறக்கக்கூடாது. டிவி பெட்டிக்குள்ளேயே ஒயரை இணைத்துத் துல்லியமாக எடுத்தவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஒரு ரசிகர் டிவி திரையையே 8 மி.மீ. கேமராவால் படம் பிடித்தார். அதே நாட்டுத் தணிக்கைக்காரர்கள் குழந்தைகள் பயப்படுவார்கள் என்று வெட்டியெறிந்த துண்டுகளை, 1990-களில் அரசு ஆவணக் காப்பகத்தில் ரசிகர்களே தேடி எடுத்தார்கள். அதனால் சில கதைகளில் பயங்கரமான காட்சிகள் மட்டும் மிச்சம் இருக்கின்றன, கதை இல்லை.

1978-இல் இயன் லெவின் என்ற ரசிகர் தேடிப்போய்க் கேட்காமலிருந்தால், தொடரின் புகழ்பெற்ற வில்லன்களான டாலெக்குகள் முதன்முதலில் வந்த கதையே அழிந்திருக்கும். அழிப்பு அந்த ஆண்டோடு நின்றது. 2013-இல் நைஜீரியாவின் ஒரு தொலைக்காட்சி நிலையத்திலிருந்து ஒன்பது எபிசோடுகளை பிலிப் மாரிஸ் மீட்டுக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகும் 97 எபிசோடுகள் காணாமலே இருந்தன. அன்று வீட்டில் எடுத்த அந்த ஒலிநாடாக்களை வைத்துத்தான், ட்ரவுட்டனின் முதல் கதையான 'தி பவர் ஆஃப் தி டாலெக்ஸ்' 2016-இல் அனிமேஷனாக வந்தது. நிறுவனம் தூக்கிப்போட்டதை வீட்டு அலமாரிகள் காப்பாற்றி வைத்திருந்தன. ரசிகர்களின் கூச்சலைக் கேட்டு யாராவது முகம் சுளிக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

ஹாங்காங்கில் கிடைத்த 'தி டூம் ஆஃப் தி சைபர்மென்' கதை இன்னொரு உதாரணம். 1967-இல் ஒளிபரப்பாகி, பின்பு தொலைந்து, 1991-இல் நான்கு எபிசோடும் முழுசாகக் கிடைத்தது. பல ஆண்டுகள் கழித்து பதினோராவது டாக்டராகத் தேர்வான மேட் ஸ்மித், பழைய கதைகளைப் பார்க்க உட்கார்ந்தபோது இந்தக் கதையில் ட்ரவுட்டனைக் கண்டு சொக்கிப்போனார். அவருடைய டாக்டரிடம் தெரியும் அந்தக் கிழட்டுக் குழந்தைத்தனம் அங்கிருந்து வந்தது. அந்த ஃபிலிம் டப்பாக்கள் கிடைக்காமல் போயிருந்தால் 2010-இன் டாக்டரும் வேறு மாதிரி இருந்திருப்பார்.

சரி, சண்டைக்கு வருவோம். 1976-இல் 'தி டெட்லி அசாஸின்' வந்தது. டாக்டரின் சொந்தக் கிரகமான கேலிஃப்ரேயை ராபர்ட் ஹோம்ஸ் எழுதிக் காட்டினார். அதுவரை தெய்வங்களைப்போல் எட்டாத உயரத்தில் இருந்த டாக்டரின் இனத்தவரான டைம் லார்டுகள், அதில் தள்ளாடும் கிழவர்களாகவும் பதவிக்கு அலைகிறவர்களாகவும் இருந்தார்கள். அந்த வருடம்தான் ரசிகர் சங்கம் உருவாகியிருந்தது. சங்கத்தின் தலைவரே கதையைக் கிழித்து விமர்சனம் எழுதினார். டாக்டர் ஹூவின் மாயமே போய்விட்டது என்று புலம்பினார். இன்று அந்தக் கதை தொடரின் தலைசிறந்தவற்றில் ஒன்றாக மதிக்கப்படுகிறது. டைம் லார்டு 12 முறைதான் ரீஜெனரேட் ஆகலாம் என்ற விதியும் அதில்தான் வந்தது. பின்னாளில் ரசிகர்கள் வேதவாக்காகப் பிடித்துக்கொண்ட விதி அது. வந்தபோது துரோகமாகத் தெரிந்த கதை, பின்னால் மரபாகிவிட்டது.

ரசிகர்கள் கேட்டதையெல்லாம் கொடுத்தாலும் ஆபத்துதான் என்று 1985 காட்டியது. அந்த சீசனின் முதல் கதை 'அட்டாக் ஆஃப் தி சைபர்மென்'. 1967-இல் வந்த 'டூம்' கதையின் தொடர்ச்சியாக அதை எழுதினார்கள். அந்த நேரத்தில் 'டூம்' இன்னும் கிடைக்கவேயில்லை! யாரும் திரும்பப் பார்க்க வழியில்லாத ஒரு கதையின் தொடர்ச்சியைப் பிரிட்டன் முழுக்கச் சனிக்கிழமை மாலையில் ஒளிபரப்பினார்கள். தீவிர ரசிகர்கள் ஒவ்வொரு குறிப்பையும் பிடித்து மகிழ்ந்தார்கள். சும்மா டிவி போட்ட வீடுகளில் என்ன புரிந்திருக்கும்?

அதே ஆண்டு பிப்ரவரியில் பிபிசி ஒன் தலைவர் மைக்கேல் கிரேட், அடுத்த சீசனை நிறுத்திவைத்தார். 18 மாத இடைவெளி. ரசிகர்கள் கொதித்தார்கள். பத்திரிகைகளில் தலைப்புச் செய்தி ஆனது. 'டாக்டர் இன் டிஸ்ட்ரெஸ்' என்று ஒரு பாட்டே பதிவு செய்து, வருமானம் புற்றுநோய் நிவாரண நிதிக்கு என்று அறிவித்தார்கள். பாட்டு எடுபடவில்லை. ஆனால் தொடர் 1986 செப்டம்பரில் திரும்பியது. 14 எபிசோடுக்கு ஒரே பெருங்கதை, டாக்டர்மேல் ஒரு நீதிமன்ற விசாரணை.

அதன் முடிவில் நடந்ததுதான் இந்த வரலாற்றிலேயே எனக்கு மிகப் பிடித்த நிகழ்ச்சி. பிபிசியின் 'ஓபன் ஏர்' நிகழ்ச்சியில் சில ரசிகர்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டார்கள். அதில் 16 வயதுப் பையன் ஒருவன், பிப் பேக்கர், ஜேன் பேக்கர் தம்பதி எழுதியதைக் கொஞ்சமும் தயங்காமல் விமர்சித்தான். இன்னும் நன்றாக எழுதியிருக்கலாம், இதெல்லாம் பழகிப்போன பாணி என்றான். அந்தப் பையன் பெயர் கிறிஸ் சிப்னால். 2018-இல் அதே தொடரின் தலைமைப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. அவர் எழுதிய கதைகளைப் பற்றியும் ரசிகர்கள் அதே வார்த்தைகளைச் சொன்னார்கள். பழைய காணொளியைத் தோண்டியெடுத்துக் கேலி செய்தவர்கள் நிறையப் பேர். எனக்கு அதில் கேலிக்கு எதுவும் தெரியவில்லை. தனக்குப் பிடித்த ஒன்று இதைவிட நன்றாக வரவேண்டும் என்று 16 வயதில் டிவியில் வாதாடியவன், 48 வயதில் அதைச் சுமக்கத் தோள் கொடுத்திருக்கிறான். விமர்சனத்துக்கு இதைவிட மரியாதையான தொடர்ச்சி என்ன இருக்க முடியும்?

கொலின் பேக்கருக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. 1986 முடிவில் அவரை நீக்கினார்கள். கடைசியாக ஒரு கதையில் வந்து ரீஜெனரேட் ஆகிவிட்டுப் போங்கள் என்றபோது அவர் மறுத்துவிட்டார். 1987-இல் அடுத்த டாக்டர் சில்வெஸ்டர் மெக்காயே பொன்னிற விக் மாட்டிக்கொண்டு தரையில் படுத்து அந்தக் காட்சியை நடித்தார். கோட்டைத் தேர்ந்தெடுத்ததும் கழுத்து நெரிக்கும் காட்சியை எழுதியதும் கொலின் பேக்கரில்லை. ஆனால் பழி மொத்தமும் அவர் முகத்தில் விழுந்தது. ரசிகர்களின் கோபம் தவறான முகவரிக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு அவரைவிடச் சாட்சி வேண்டாம்.

1989 டிசம்பர் 6-இல் 'சர்வைவல்' கதையோடு தொடர் நின்றது. முறையான அறிவிப்புகூட இல்லை. அடுத்த சீசன் வரவேயில்லை, அவ்வளவுதான். 1996-இல் பால் மெக்கானை வைத்து எடுத்த ஒரே ஒரு டிவி படத்தைத் தவிர, 2005 வரை திரையில் புது டாக்டர் ஹூ இல்லை. இந்த இடைவெளியில்தான் ரசிகர்கள் தங்கள் கோபத்தையெல்லாம் பேனாவில் ஊற்றினார்கள். 1991-இல் வர்ஜின் பதிப்பகம் புதிய டாக்டர் நாவல்களை வெளியிடத் தொடங்கியது. அதுவரை ஒரு புத்தகம்கூட எழுதியிராதவர்களின் கைப்பிரதியையும் வாங்கிப் படித்தது. பின்னாளில் தொடருக்கே எழுதிய பால் கார்னெல், மார்க் கேடிஸ் போன்றவர்கள் அந்த வாசல் வழியாக வந்தார்கள். 1996-இல் ரஸல் டி டேவிஸும் அங்கே ஒரு நாவல் எழுதினார். 1999-இல் பிக் ஃபினிஷ் நிறுவனம் பழைய டாக்டர்களையே நடிக்கவைத்து ஒலி நாடகங்கள் கொண்டுவர ஆரம்பித்தது. வண்ணக் கோட்டு கண்ணில் படாத அந்த நாடகங்களில்தான் கொலின் பேக்கர் எவ்வளவு நல்ல நடிகர் என்பது ரசிகர்களுக்குப் புரிந்தது. திரையில் பறிகொடுத்த மதிப்பை அவர் குரலால் மீட்டார். அவரை ஒதுக்கிய அதே ரசிகர் கூட்டத்திலிருந்து வந்தவர்கள்தான் அவருக்கு அந்த மேடையைப் போட்டுக் கொடுத்தார்கள். எனக்கு இது பெரிய ஆறுதல்.

2005 மார்ச் 26-இல் டேவிஸின் கையில் தொடர் மீண்டது. 'ரோஸ்' எபிசோடை ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். குப்பைத் தொட்டி ஏப்பம் விடுகிறது, காதல் கீதல் என்று சீரியல்போல் போகிறது என்று பழைய ரசிகர்களில் ஒரு பகுதி முணுமுணுத்தது. சில நாளிலேயே கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டன் ஒரு சீசனோடு விலகுகிறார் என்ற செய்தி இடியாக விழுந்தது. அடுத்து வந்த டேவிட் டெனன்ட்டும் ரசிகர்தான். சின்ன வயதில் நான்காவது டாக்டரான டாம் பேக்கரைப் பார்த்து, நடிகனாக வேண்டும் என்று முடிவு செய்தவர். 2007-இல் 'டைம் கிராஷ்' என்ற குறும்படத்தில் டெனன்ட்டின் டாக்டரும் டேவிசனின் டாக்டரும் சந்திக்கிறார்கள். எழுதியவர் இன்னொரு ரசிகரான ஸ்டீவன் மாஃபட். அதில் டெனன்ட், டேவிசனின் ஷூவையும் கண்ணாடியையும் குரலையும் நினைவுகூர்ந்து, நீங்கள்தான் என் டாக்டர் என்கிற அர்த்தத்தில் பேசும் இடத்தில், கதாபாத்திரம் விலகி ஒரு சிறுவன் வெளியே வருகிறான். பன்னிரண்டாவது டாக்டர் பீட்டர் கபால்டியும் இதே வழி. 15 வயதில் தொடரைப் புகழ்ந்து அவர் எழுதிய கடிதம் 1974-இல் 'ரேடியோ டைம்ஸ்' இதழில் வந்திருக்கிறது.

2006-இல் வந்த 'லவ் அண்ட் மான்ஸ்டர்ஸ்' எபிசோடைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும். வாக்கெடுப்புகளில் கடைசி வரிசையில் கிடக்கும் கதை. எனக்கு அது மிக நெருக்கமானது. டாக்டரை எங்கேயோ ஒருமுறை பார்த்த சாதாரண மனிதர்கள் சிலர், அவரைப் பற்றிப் பேச ஒன்றுகூடுகிறார்கள். போகப்போகக் கேக் செய்து கொண்டுவருகிறார்கள், சேர்ந்து பாட்டு வாசிக்கிறார்கள், ஒருவர் துக்கத்தை ஒருவர் கேட்கிறார்கள். டாக்டர் ஒரு சாக்குதான். அவர்களுக்கு ஒருவருக்கொருவர் துணை கிடைத்துவிட்டது. அப்போது விக்டர் கென்னடி என்பவர் உள்ளே நுழைகிறார். பாட்டு வேண்டாம், கேக் வேண்டாம், டாக்டரைத் தேடும் வேலையை மட்டும் செய்யுங்கள் என்று வீட்டுப்பாடம் கொடுக்கிறார். கூட்டம் ஒவ்வொருவராகக் குறைகிறது. அவர் அவர்களைத் தன் உடலுக்குள் உறிஞ்சிக்கொள்ளும் ஜந்து என்று கடைசியில் தெரியும். அந்த ஜந்துவை வடிவமைத்ததே 'புளூ பீட்டர்' போட்டியில் ஜெயித்த ஒரு சிறுவன். ரசிகர் கூட்டம் எப்படி வாழ்கிறது, எப்படிச் சாகிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை. இங்கே எது அசல், யார் உண்மையான ரசிகர் என்று கணக்குக் கேட்கும் ஆள் நுழைந்ததும் பாட்டு நின்றுவிடுகிறது.

அந்தக் குரல் 2017 ஜூலை 16-இல் உரக்கக் கேட்டது. விம்பிள்டன் ஆண்கள் இறுதிப் போட்டி முடிந்ததும் பதிமூன்றாவது டாக்டர் ஜோடி விட்டேக்கர் என்று பிபிசி அறிவித்தது. பெண் டாக்டர்! ஒரு பக்கம் சின்னப் பெண்கள் துள்ளிக் குதித்தார்கள். இன்னொரு பக்கம், மரபை அழித்துவிட்டார்கள் என்ற கூக்குரல். பையன்களுக்கு ஒரு முன்மாதிரி போய்விட்டதே என்று பீட்டர் டேவிசன் வருத்தப்பட்டார். கொலின் பேக்கர் அதை மறுத்து, பெண் டாக்டரை வரவேற்றார். 'ஆண்ட்ரோஸானி' டாக்டரும் 'ட்வின் டைலமா' டாக்டரும் எதிரெதிர் பக்கம்! டேவிசனை ஒரு கூட்டம் வசைபாடித் தீர்க்க, அவர் ட்விட்டரை விட்டே போனார். அவர் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அவருக்கு நடந்ததிலும் எனக்கு உடன்பாடில்லை.

மரபு என்று பேசுகிறவர்கள் மரபைப் படிக்கவேண்டும். இந்தத் தொடரை உருவாக்கிய சிட்னி நியூமனே, 1986-இல் மைக்கேல் கிரேடுக்கு எழுதிய கடிதத்தில், டாக்டரைப் பெண்ணாக மாற்றலாம் என்று யோசனை சொல்லியிருக்கிறார். தொடரின் முதல் தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட் ஒரு இளம்பெண். அன்று பிபிசி நாடகப் பிரிவில் வேறு பெண் தயாரிப்பாளர் இல்லை. முதல் கதையின் இயக்குநர் வாரிஸ் ஹுசைன் நம் லக்னோவில் பிறந்தவர். வெளியாள் என்று ஒதுக்கப்படக்கூடிய இருவர் சேர்ந்துதான் இந்த வீட்டுக்குக் கால்கோள் செய்தார்கள்.

விட்டேக்கரின் முதல் சீசனில் 'டீமன்ஸ் ஆஃப் தி பஞ்சாப்' வந்தது. வினய் படேல் எழுதி 2018 நவம்பர் 11-இல் ஒளிபரப்பான கதை. டாக்டருடன் பயணிக்கும் யாஸ்மின் கான் தன் பாட்டியின் இளமைக் காலத்துக்குப் போகிறாள். 1947 ஆகஸ்ட், பிரிவினையின் நாள்கள். முஸ்லிம் பெண்ணான பாட்டி, பிரேம் என்ற இந்து இளைஞனைக் கல்யாணம் செய்யப்போகிறாள். புதிதாகப் பிறந்த எல்லையில் அந்தக் கல்யாணத்தை டாக்டரே நடத்திவைக்கிறார். கொலைகாரர்கள் என்று நாம் பயந்த வேற்றுக்கிரகவாசிகள், யாரும் இல்லாமல் தனியாகச் சாகிறவர்களுக்குச் சாட்சியாக நிற்க வந்தவர்கள். பிரேமைச் சாகடிக்க வருகிற கும்பலை அழைத்து வந்தவன் அவன் சொந்தத் தம்பி. இந்தத் தொடரில் இத்தனை காலம் வந்த ராட்சதர்களில் யாரும் அந்தத் தம்பியளவு என்னைப் பயமுறுத்தியதில்லை. நம் துணைக்கண்டத்துக் காயத்தை ஒரு பிரிட்டிஷ் குடும்பத் தொடர் இவ்வளவு மரியாதையோடு தொட்டதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன். பிரசங்கம் செய்கிறார்கள் என்று அந்த சீசனையே ஒதுக்கியவர்கள் இதையாவது பார்த்திருக்கலாம்.

2020 மார்ச் 1-இல் இன்னொரு பூகம்பம். 'தி டைம்லெஸ் சில்ட்ரன்' எபிசோடில், ஹார்ட்னெலுக்கு முன்பே டாக்டருக்கு எண்ணற்ற பிறவிகள் இருந்தன என்று சிப்னால் எழுதினார். 1966-இலிருந்து எண்ணிவந்த வரிசையின் முதல் ஆள் இனி முதல் ஆள் இல்லை! ரசிகர்கள் இரண்டு பட்டார்கள். நட்புகள் முறிந்தன. எனக்கும் அந்த மாற்றம் பிடிக்கவில்லை. டாக்டர் ஊரை விட்டு ஓடிவந்த ஒரு சாதாரண டைம் லார்டாக இருப்பதுதான் அழகு என்று இன்றும் வாதாடுவேன்.

ஆனால் அடுத்து நடந்ததைக் கேளுங்கள். அதே மாதம் கொரோனா ஊரடங்கு வந்தது. மார்ச் 21 மாலை ஏழு மணிக்கு அவரவர் வீட்டில் 'தி டே ஆஃப் தி டாக்டர்' எபிசோடைப் போடுவோம், ஒரே நேரத்தில் சேர்ந்து பார்ப்போம் என்று 'டாக்டர் ஹூ மேகஸின்' ஆசிரியர் குழுவைச் சேர்ந்த எமிலி குக் அழைத்தார். உலகம் முழுக்க ரசிகர்கள் வந்தார்கள். மாஃபட் வந்தார். அடுத்தடுத்த நாள்களில் டேவிஸ் வந்தார். புதுக் குட்டிக் காட்சிகள் எழுதிக் கொடுத்தார்கள். மூன்று வாரத்துக்கு முன் ஒருவரையொருவர் கடித்துக் குதறிய அதே கூட்டம், பயத்தில் உறைந்திருந்த இரவுகளில் ஒருவருக்கொருவர் துணையானது. சண்டை தீர்ந்துவிடவில்லை. யாரும் யார் பக்கமும் மாறவில்லை. அப்படியே சேர்ந்து உட்கார்ந்தார்கள்.

2025-இல் தொடரே ரசிகர்களைத் திரைக்குள் கூப்பிட்டது. 'லக்ஸ்' என்ற எபிசோடில் டாக்டரும், கேரளத்தில் பிறந்த வரதா சேது நடித்த பெலிண்டாவும் டிவி பெட்டியைக் கிழித்துக்கொண்டு வெளியே வர, அங்கே டாக்டர் ஹூ பார்த்துக்கொண்டிருக்கும் மூன்று ரசிகர்கள்! உங்களுக்குப் பிடித்த கதை எது என்றால் மூன்று பேரும் மாஃபட் எழுதிய 'பிளிங்க்' என்கிறார்கள். அந்தக் கதையில் டாக்டர் வருவதே கொஞ்ச நேரம்தான். பிறகு, தாங்களும் கற்பனைப் பாத்திரங்கள்தான், டாக்டர் திரும்பிப் போனால் தாங்கள் இருக்கமாட்டோம் என்று அவர்களுக்குப் புரிகிறது. இருந்தும், போங்கள் என்று அனுப்பி வைக்கிறார்கள். ஷுட்டி கட்வாவின் டாக்டர் அவர்களைக் கட்டிப்பிடிக்கும்போது எனக்கு அந்த ஒலிநாடாச் சிறுவர்கள் நினைவுக்கு வந்தார்கள். அதே ஆண்டு மே 31-இல் கட்வா விலகி, முன்பு டாக்டரின் துணையான ரோஸாக நடித்த பில்லி பைப்பரின் முகம் தோன்றியதும் எல்லாம் மறுபடி ஆரம்பித்தது. மோசடி என்றார்கள், மேதைமை என்றார்கள், முடிந்தது தொடர் என்றார்கள்.

முடிந்ததா என்று எனக்குக் கவலையில்லை. 1989-இல் நிஜமாகவே முடிந்தபோது இதே கூட்டம்தான் தொடரைத் தன் கையில் எடுத்துப் பதினாறு ஆண்டு சுமந்தது. எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள் உண்டு. பிடிக்காத கதையை எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் விமர்சியுங்கள். 16 வயது சிப்னால் செய்ததைச் செய்யுங்கள். ஆனால் எழுத்தாளர்மேல் வரவேண்டிய கோபத்தை நடிகர்மேல் இறக்காதீர்கள். புது டாக்டருக்கு ஒரு முழு சீசன் கொடுங்கள்.

புதிதாகப் பார்க்க விரும்புகிறவர்கள் 'பிளிங்க்'கிலிருந்து தொடங்குங்கள். முன்கதை எதுவும் தேவையில்லை. அடுத்து 'டீமன்ஸ் ஆஃப் தி பஞ்சாப்'. அதற்குப் பிறகு 'ஆண்ட்ரோஸானி'. அதை முடித்த கையோடு, ஆறு நாள்கூடக் காத்திருக்காமல், 'ட்வின் டைலமா'வையும் பாருங்கள். அது மோசம் என்றுதான் நீங்களும் சொல்வீர்கள். சொல்லுங்கள். அதன்பின் பிக் ஃபினிஷின் கொலின் பேக்கர் நாடகம் ஒன்றைத் தேடிக் கேளுங்கள். அதையும் கேட்ட பிறகு உங்களுடன் விடிய விடியச் சண்டை போட நான் தயார்.